துடுப்பும் பேரேடும்

"தேசிய அணியில் இருந்துகொண்டே வேலைக்கும் போகும் பெண்கள் கேள்வி அனுப்பலாம்" என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் 'சமநிலை' என்ற சொல் வருகிறது. நான் தொழிலால் கணக்குத் தணிக்கையாளர். பன்னிரண்டு ஆண்டுகள் தேசிய அணிக்காக இலகு எடைப் பிரிவில் இரட்டையர் துடுப்புப் படகு செலுத்தினேன். உலகப் போட்டியில் என் உச்சம் பதினொன்றாம் இடம். ஆகவே பதக்க ரகசியம் எதையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். கணக்கு ரகசியம் ஒன்று சொல்கிறேன்: சொத்தையும் கடனையும் எதிரெதிரே காட்டும் ஐந்தொகை எப்போதுமே இரு பக்கமும் சமமாகத்தான் வரும். அடுத்த மாதம் திவாலாகப் போகிற நிறுவனத்தின் ஐந்தொகையும் அப்படித்தான் இருக்கும். எனவே சமநிலையை ஓரமாக வைத்துவிட்டு, பயிற்சிக்கு வரவு வைத்த மணி நேரத்தை எங்கே பற்று எழுதினோம் என்று பார்ப்போம்.

நான் பயிற்சி மருத்துவர். 3,000 மீட்டர் தடை ஓட்டத்தில் தேசிய அணித் தேர்வுக்குத் தகுதி பெற்றிருக்கிறேன். வாரத்தில் இரண்டு இரவுப் பணி. "மருத்துவமும் ஓட்டமும் ஒரே ஆளால் ஆகாது, ஒன்றை விடு" என்கிறார் துறைத் தலைவர். ஆகுமா, ஆகாதா?

ஆகும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. அர்ஜென்டினாவின் பவுலா பரேட்டோ மருத்துவ மாணவியாக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ 48 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். மருத்துவராக 2016 ரியோவில் தங்கம் வென்றார். அமெரிக்காவின் டாட் ரிச்சர்ட்சன் எலும்பு அறுவைச் சிகிச்சையில் மேற்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோதுதான் 1996 அட்லாண்டாவில் சாஃப்ட்பால் தங்கம் வென்ற அணியில் ஆடினார். பிரிட்டனின் பாலி ஸ்வான் என்னைப் போலவே துடுப்புக்காரர் என்பதால் கொஞ்சம் கூடுதல் பாசம். ரியோவில் எண்மர் படகில் வெள்ளி. பிறகு துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மருத்துவப் படிப்பை முடித்தார். 2020 கொரோனா அலையில் மருத்துவமனையில் பணியாற்றினார். அடுத்த ஆண்டு டோக்கியோவில் மறுபடி படகில் உட்கார்ந்திருந்தார்.

இந்த மூவரைக் காட்டி உங்கள் துறைத் தலைவரை வாயடைக்கலாம். வாயடைத்த பிறகு, தனியாக உட்கார்ந்து அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். ரிச்சர்ட்சன் மேற்பயிற்சியிலிருந்து விடுப்பு வாங்கினார். ஸ்வான் படகிலிருந்து விடுப்பு வாங்கினார். இரண்டையும் முழு வேகத்தில் ஒரே மாதத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற வீம்பு அவர்களிடம் இல்லை. ஒன்று நெருப்பாக எரியும்போது மற்றொன்று தணலாக இருந்தது.

எனவே துறைத் தலைவரிடம் "இரண்டும் முடியும்" என்று வாதாடாதீர்கள். தேர்வுப் போட்டியின் தேதியைச் சொல்லி, அதற்கு முந்தைய எட்டு வாரத்துக்கு இரவுப் பணியைக் குறைத்து, போட்டி முடிந்த பிறகு அதை ஈடுகட்டலாமா என்று கேளுங்கள். பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டிக்க விதி இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். நான் பார்த்தவரை இப்படிப்பட்ட விதி இருக்கும். யாரும் கேட்காததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இரவுப் பணி முடிந்த காலையில் தடை தாண்டிப் பழகுவது மட்டும் வேண்டாம். தூங்காத கால் 76 சென்டிமீட்டர் தடையின் உயரத்தைத் தப்பாகக் கணிக்கும். அந்தத் தடை தட்டிவிட்டால் சாயாது, நீங்கள்தான் சாய்வீர்கள். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்? (ஒரு பள்ளி மாணவி)

4.20. ஆனால் இந்தக் கேள்வியை எல்லோரும் தப்பாகவே கேட்கிறார்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். என் நல்ல ஆண்டுகளில் 8.45. கெட்ட ஆண்டுகளின் கதை கீழே வருகிறது.

தனியார் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பொறியாளர் நான். வாள்வீச்சில் தேசிய அணியில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. அலுவலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. சொன்னால் பதவி உயர்வு போய்விடுமோ என்று பயம். சொல்லாமலே சமாளிக்கலாமா?

நான் இரண்டு ஆண்டு சொல்லாமல் சமாளித்தேன். எப்படி முடிந்தது என்று கேளுங்கள்.

முதல் வேலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காலைப் பயிற்சி முடித்து, ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு, ஒன்பது மணிக்கு மேசையில் இருப்பேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து ஒட்டுத்துணி போட்டிருப்பேன். யாராவது கேட்டால் "தோட்டவேலை" என்பேன். எங்கள் வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் இருப்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒட்டுத்துணி நழுவி, 'இறுதி இருப்பு' என்ற பத்தியின் மேல் கட்டைவிரல் அளவுக்கு ரத்தக் கறை. அந்தப் பக்கத்துக்கு நான் எழுதிய விளக்கக் குறிப்பு இன்றும் எங்கோ ஒரு கோப்பில் இருக்க வேண்டும்.

அது சின்ன விஷயம். பெரிய விஷயம், வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குக் காய்ச்சல் என்று சொல்லி மூன்று நாள் விடுப்பு எடுத்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம். தோற்றிருந்தால் தப்பித்திருப்பேன். திங்கட்கிழமை காலை என் மேலாளரின் மேசையில் நாளிதழ் விளையாட்டுப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் நானும் என் படகுத் துணையும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் கத்தவில்லை. "காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆண்டு பதவி உயர்வு வரவில்லை. என் துடுப்பு அதற்குக் காரணமில்லை. கணக்கு பார்க்கும் வேலையில் பொய் சொல்கிறவள் என்று பெயர் வாங்கியதுதான் காரணம். அது நியாயமும்கூட.

அடுத்த நிறுவனத்தில் நேர்முகத் தேர்விலேயே சொன்னேன். வேலை கிடைத்த முதல் வாரம் ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: இந்த ஆண்டுப் பயிற்சி முகாம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தேர்வுப் போட்டி எப்போது, அந்தந்த நாட்களில் என் கோப்புகளை யார் பார்த்துக்கொள்வார், அவருக்கு நான் எந்த வாரத்தில் ஈடு செய்வேன், எவ்வளவு நாள் சம்பளமில்லா விடுப்பு. கனவு, நாட்டின் பெருமை, சிறு வயது லட்சியம் எதுவும் அந்தத் தாளில் இல்லை. மேலாளர்களுக்குக் கனவுகளைக் கையாளத் தெரியாது. அட்டவணைகளைக் கையாளத் தெரியும். அவர் படித்துவிட்டு ஒரு தேதியை மட்டும் வட்டமிட்டார். "இந்த வாரம் மட்டும் முடியாது, கணக்கு முடிக்கும் வாரம்." அந்த ஒரு வாரத்துக்காகப் பயிற்சியாளரிடம் கெஞ்சினேன், வழி பிறந்தது.

உங்களுக்கு இப்போது எட்டு மாதம்தான் ஆகிறது. "சொல்லத் தயக்கமாக இருந்தது, மன்னிக்கவும்" என்ற ஒரு வரியோடு அந்தத் தாளைக் கொடுக்கக் காலம் கடந்துவிடவில்லை. பதக்கம் வென்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். பதக்கம் பல சமயம் வராது, நாளிதழ் வந்துவிடும்.

என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம். க்வென் ஜார்கன்சன் அமெரிக்காவில் பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றில் வரிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர். கல்லூரியில் நீச்சலும் ஓட்டமும் பழகியவர் என்பதால் டிரையத்லான் சங்கத்தார் அவரைத் தேடிவந்து அழைத்தார்கள். உடனே வேலையை உதறிவிடவில்லை. அலுவலகம் போய்க்கொண்டே தொடங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிள் டயர் பஞ்சராகிப் பின்தங்கினார். 2016 ரியோவில் தங்கம். வரிக் கணக்காளர்களால் முடியாதது எதுவுமில்லை என்று எங்கள் அலுவலகத்தில் அன்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

விளையாட்டு வீராங்கனை என்பதால் அலுவலகத்தில் உங்களுக்குச் சலுகை கிடைத்ததா?

கிடைத்தது. பழைய கோப்புப் பெட்டிகளைக் கிடங்கிலிருந்து தூக்கிவரும் சலுகை.

ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. கர்ப்பம் இல்லை. "உடம்பு போட்டிக்குத் தயாராகிவிட்டது, நல்ல அறிகுறி" என்கிறார் பயிற்சியாளர். காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் வங்கி வேலை. மருத்துவரைப் பார்க்கவே நேரமில்லை. (நெடுந்தூர ஓட்ட வீராங்கனை)

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். முன்பதிவு செய்த பிறகு மீதியைப் படியுங்கள்.

அது நல்ல அறிகுறி அல்ல. மாதவிடாய் மூன்று மாதம் நின்றாலே காரணம் தேட வேண்டும். செலவழிக்கிற ஆற்றலுக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது உடம்பு சிக்கனத்தில் இறங்குகிறது. முதலில் வெட்டுவது இனப்பெருக்க ஹார்மோன்களை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு நலியும். முன்பு இதை 'வீராங்கனைகளின் மும்மைச் சிக்கல்' என்று சொல்லிவந்தார்கள்: உணவுப் பற்றாக்குறை, மாதவிடாய்க் கோளாறு, எலும்பு நலிவு. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிபுணர்கள் அதை விரித்து 'விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை' என்று பெயரிட்டார்கள். எலும்போடு நிற்காமல் இதயம், நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாவற்றையும் அது தொடுகிறது, ஆண்களுக்கும் வருகிறது.

வேலைக்குப் போகும் வீராங்கனைகளுக்கு இது எப்படி வருகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட என்னிடம் கேட்கலாம். பட்டினி கிடக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்வதில்லை. பயிற்சி முடிவதற்கும் அலுவலகம் தொடங்குவதற்கும் இடையில் 35 நிமிடம் இருக்கும். அதில் குளியல், உடை, பயணம். சாப்பாடு 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' ஆகிவிடும். போனால் கூட்டம். என் பிரிவில் இதற்கு மேல் எடையும் பார்க்க வேண்டும்: இலகு எடைப் பெண்கள் 59 கிலோவைத் தாண்டக்கூடாது, இரட்டையர் படகில் இருவரின் சராசரி 57. நான் 57.4, என் துணை 56.5. அந்த 0.4 கிலோவைக் காட்டி, சாப்பிடாமல் விட்ட ஒவ்வொரு வேளையையும் எனக்கு நானே பாராட்டிக்கொண்டேன்.

27 வயது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம், தேசியத் தேர்வுக்கு ஐந்து வாரம். மூன்று வாரமாக நாலரை மணி நேரத் தூக்கம். மாதவிடாய் எப்போது நின்றது என்பதுகூட நினைவில்லை. நிம்மதி என்று நினைத்தேன். ஒருநாள் காரின் பின்னிருக்கையில் இருந்த கோப்பை எடுக்கத் திரும்பினேன். தோள்பட்டைக்குக் கீழே யாரோ ஊசியால் குத்தியது போல இருந்தது. தசைப்பிடிப்பு என்று தைலம் தடவிக்கொண்டு ஒன்பது நாள் துடுப்புப் போட்டேன். பத்தாம் நாள், வாடிக்கையாளரின் இயக்குநர்கள் கூட்டத்தில் ஒரு தும்மல். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நிதிநிலை அறிக்கையில் ஏதோ பயங்கரத்தைக் கண்டுவிட்டேன் என்று எதிரில் இருந்தவர் வெளிறிப்போனார். ஸ்கேனில் ஏழாவது விலா எலும்பில் அழுத்த முறிவு. துடுப்பு வீரர்களுக்கு அடிக்கடி வரும் காயம்தான் அது. எனக்கு வந்ததற்கு, தூக்கத்திலும் தட்டிலும் நான் செய்த கையாடல் முக்கியக் காரணம் என்று மருத்துவர் வாய்விட்டுச் சொன்னார். ஆறு வாரம் படகு இல்லை. தேர்வு போயிற்று. என் இருக்கையில் மாற்று வீராங்கனை உட்கார்ந்தாள், நன்றாகவே ஓட்டினாள்.

மருத்துவரிடம் எலும்பு அடர்த்தி, இரும்புச் சத்து, ஹார்மோன் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். மாத்திரை போட்டு மாதவிடாயை வரவழைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்; பற்றாக்குறை அப்படியே இருக்கும். பயிற்சியாளரிடம் மருத்துவரின் அறிக்கையைக் கொடுங்கள். அதற்குப் பிறகும் 'நல்ல அறிகுறி' என்று சொன்னால், மாற்ற வேண்டியது பயிற்சியாளரை.

ஆண் வீரர்களுக்கும் இதே சிக்கல்தானே? பெண்களுக்கு மட்டும் ஏன் தனிப் பக்கம்?

அதே சிக்கல்தான், கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்த வாரிசுகள் நாங்கள். ஆண்களின் துடுப்புப் போட்டி 1900 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. பெண்களுக்கு 1976 மான்ட்ரியலில்தான் இடம் கிடைத்தது, அதுவும் 1,000 மீட்டருக்கு. ஆண்களுக்கு இணையான 2,000 மீட்டர் 1988இல் வந்தது. தடகளத்தில் 1928இல் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள், 'பெண்களுக்கு இது தாங்காது' என்று எடுத்துவிட்டார்கள், 1960 வரை திரும்ப வரவில்லை. இடம் தாமதமானால் பரிசுப் பணமும் விளம்பரப் பணமும் தாமதமாகும். பணம் வராத இடத்தில் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் வீட்டுவேலை என்று மூன்றாவது பணி ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் அதை யார் செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

மான்ட்ரியலில் அமெரிக்க எண்மர் படகில் வெண்கலம் வென்ற அனிதா டிஃப்ரான்ட்ஸ் மறு ஆண்டே சட்டப் படிப்பை முடித்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தபோது, போட்டியிடும் உரிமை கேட்டுத் தன் நாட்டு ஒலிம்பிக் குழுவின் மீதே வழக்குத் தொடுத்தார். தோற்றார். ஆறு ஆண்டு கழித்து சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரானார். தொழில் விளையாட்டுக்கு இடைஞ்சல் என்று யாராவது சொன்னால் எனக்கு இவர்தான் நினைவுக்கு வருவார்.

நான் வழக்கறிஞர், நீச்சல் வீராங்கனை. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தினமும் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டுமாம். நீதிமன்றம் எத்தனை மணிக்கு விடும் என்று எனக்கே தெரியாது. என்ன செய்வது?

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை, எல்லோரும் மாட்டிக்கொண்டுதான் கற்கிறார்கள். பட்டியலில் இருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் காலை 5 மணி முதல் இரவு 11 மணிக்குள் ஏதாவது 60 நிமிடத்தைக் குறித்து, அந்த நேரத்தில் எந்த இடத்தில் கட்டாயம் இருப்போம் என்று சொல்ல வேண்டும். அந்த 60 நிமிடத்தில் அதிகாரி வந்து நீங்கள் இல்லையென்றால் ஒரு தவறு. விவரம் தப்பாகக் கொடுத்தாலும் ஒரு தவறு. 12 மாதத்தில் மூன்று தவறு சேர்ந்தால் மருந்தே தொடாதவருக்கும் ஊக்கமருந்து விதிமீறல்தான். இரண்டு ஆண்டுவரை தடை வரலாம்.

நீதிமன்ற நேரத்தைக் குறிக்கவே குறிக்காதீர்கள். விடியற்காலை, உங்கள் படுக்கை இருக்கும் முகவரி, 5 முதல் 6. அழைப்பு மணி வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். வழக்குக்காக வெளியூரில் தங்கினால் கிளம்பும்போதே செயலியில் மாற்றிவிடுங்கள். 'போய்ச் சேர்ந்து மாற்றலாம்' என்று சொன்னவர்கள்தான் அந்த மூன்றில் முதலாவதை வாங்கினார்கள்.

குறித்த நேரத்துக்கு வெளியேயும் அவர்கள் வரலாம். என்னிடம் ஒருமுறை வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். அடையாள அட்டை அணிந்த இரண்டு பெண்கள் வரவேற்பறையில் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வருமான வரிச் சோதனை என்று செய்தி பரவி, கணக்குப் பிரிவில் இழுப்பறைகள் பூட்டப்படும் ஓசை எனக்குக் கேட்டது. குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். கொடுத்து முடிக்கும்வரை உங்களை விட்டு விலக மாட்டார். அந்த அம்மையார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் தண்ணீர் குடித்துக்கொண்டே தேய்மானக் கணக்கைச் சரிபார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம். பூட்டிய இழுப்பறைகளையும் பிறகு திறந்து பார்த்தேன், அது வேறு கதை.

உங்கள் மூத்த வழக்கறிஞரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

எங்கள் பிரிவில் ஒரு பெண் தேசிய ஹாக்கி அணியில் ஆடுகிறார். இந்த ஆண்டு மூன்றாவது முறையாக மூன்று வார விடுப்பு கேட்கிறார். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் மேலாளர், இரண்டு பக்கமும் அடிபடுகிறேன். (பெயர் வேண்டாம்)

ஐயா, முணுமுணுப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் வேலையை யாரோ செய்கிறார்கள், அந்த யாரோவுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. விடுப்பை நீங்கள் ஒவ்வொரு முறையும் தனிப்பட்ட தயவாகக் கொடுப்பதால் இந்த நிலை. தயவு என்றால் வாங்குகிறவருக்கு நன்றிக் கடன், பார்க்கிறவருக்கு வயிற்றெரிச்சல். ஆண்டுத் தொடக்கத்திலேயே அவரை உட்கார வைத்து, போட்டி நாட்காட்டியை வாங்கி, 70 சதவீத வேலை 70 சதவீதச் சம்பளம் என்று எழுத்தில் மாற்ற முடியுமா பாருங்கள். மீதி 30க்கு ஆள் அமர்த்தவோ, செய்கிறவருக்குக் கூடுதல் கொடுக்கவோ அந்தப் பணம் உதவும். மூன்றாவது விடுப்பின்போது இதைக் கேட்டால் தண்டனை போலத் தெரியும். முன்னதாகக் கேட்டால் ஏற்பாடு.

இன்னொன்று, ஆண்டு விழாவில் அவரை மேடையேற்றி 'இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று பேசிவிடாதீர்கள். எனக்கு அது நடந்தது. அடுத்த மூன்று மாதம் பொது அறையில் யாரும் என்னோடு உட்காரவில்லை.

மகளுக்கு 17 வயது, சைக்கிள் பந்தய வீராங்கனை. கணிதம் படிக்க ஆசைப்படுகிறாள். பந்தயத்தில் முன்னேற வேண்டுமானால் எளிதான பாடம் எடு என்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறாள்.

கேட்காமல் இருக்கட்டும், ஐயா. ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். தொழில்முறை அணி இல்லை. பயிற்சித் திட்டத்தைத் தானே போட்டுக்கொள்வார். டோக்கியோ ஒலிம்பிக்கின் 137 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்தில், தொடங்கிய உடனேயே கூட்டத்தை விட்டு முன்னே பாய்ந்தார். பெரிய அணிகள் அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கடைசி 40 கிலோமீட்டர் தனியாக ஓட்டித் தங்கம் வென்றார். 75 வினாடி கழித்து வந்த நெதர்லாந்தின் ஆனமீக் ஃபான் ஃப்ளூட்டன், தாம்தான் முதலிடம் என்று நினைத்துக் கைகளை விரித்துக் கொண்டாடினார்.

உங்கள் மகள் கல்லூரி தேடும்போது பாடம் எளிதா கடினமா என்பதைவிட, போட்டிக்காக விடுபட்ட தேர்வை மறுபடி எழுத விடுவார்களா, வருகைப் பதிவில் தளர்வு உண்டா என்று விசாரியுங்கள். பிடிக்காத எளிய பாடத்துக்கு விடியற்காலைப் பயிற்சி முடித்து யாரும் வகுப்புக்குப் போவதில்லை.

கால்பந்துக் கழகத்தில் ஒப்பந்தம், பாதி நாள் ஆசிரியை வேலை. குழந்தை பெற நினைக்கிறேன். இரண்டும் போய்விடுமா?

இரண்டு ஒப்பந்தத்தையும் எடுத்து மேசையில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்காது. தொழில்முறை வீராங்கனைகளுக்கு 2021 முதல் ஃபிஃபா விதி இருக்கிறது: குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பு, அதில் எட்டு வாரமாவது பிறப்புக்குப் பிறகு, ஒப்பந்தச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. விளம்பர ஒப்பந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். 2019இல் ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபீலிக்ஸ், கர்ப்பமானால் நைக்கி நிறுவனம் பணத்தைக் குறைக்கிறது என்று பகிரங்கமாக எழுதிய பிறகுதான், கர்ப்ப காலத்தை ஒட்டிய 18 மாதத்துக்குப் பணத்தைக் குறைப்பதில்லை என்று அந்த நிறுவனம் விதியை மாற்றியது.

திரும்பி வந்தவர்களுக்குக் குறைவில்லை. பிரிட்டனின் துடுப்பு வீராங்கனை ஹெலன் குளோவர் இரண்டு ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகு விலகி, மூன்று குழந்தைகள் பெற்று, டோக்கியோவில் மேலே சொன்ன பாலி ஸ்வானோடு சேர்ந்து நான்காம் இடம், 2024 பாரிஸில் நால்வர் படகில் வெள்ளி. கால்நடை மருத்துவர் ஜாஸ்மின் பாரிஸ், 14 மாதக் குழந்தைக்குத் தாயாக, 2019இல் பிரிட்டனின் 268 மைல் ஸ்பைன் பந்தயத்தை 83 மணி நேரத்தில் ஓடி ஆண்களையும் சேர்த்து முதலாவதாக வந்தார். இடையே நிறுத்தங்களில் தாய்ப்பால் பீய்ச்சி எடுத்துக்கொண்டார். இந்தத் தகவலை உங்கள் தலைமை ஆசிரியரிடமோ பயிற்சியாளரிடமோ சொல்லாதீர்கள். 'அவர் செய்தாரே' என்று ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் எத்தனை மாதத்தில் திரும்புவது என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவரும் இடுப்புத்தள இயன்முறை மருத்துவரும் சொல்லட்டும்.

38 வயது. இன்னும் அணியில் இருக்கிறேன், ஆனால் முடியப் போகிறது. பொறியாளர் வேலை இருப்பதால் பணக்கவலை இல்லை. இருந்தும் பயம்.

உங்களிடம் ஆறுதல் சொல்லப் போவதில்லை. வேலை இருப்பவர்களுக்கு விலகுவது எளிது என்று வெளியார் நினைக்கிறார்கள். திங்கட்கிழமை காலை அதே மேசை, அதே நாற்காலி, ஆனால் தலைமுடி காய்ந்திருக்கும். அது எனக்கு ஓர் ஆண்டு பழகவில்லை. 4.20க்கு விழிப்பு வந்துவிடும், எழுந்து உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவேன். அந்த ஆண்டைப் போல என் சட்டைகள் மடிப்புக் கலையாமல் எப்போதும் இருந்ததில்லை.

பிரிட்டனின் துடுப்பு வீராங்கனை கேத்ரின் கிரெய்ஞ்சர் 2000, 2004, 2008 மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளி, 2012இல் தங்கம், அடுத்த ஆண்டு கொலைக் குற்றச் சட்டத்தில் முனைவர் பட்டம், பிறகு மறுபடி படகு, 2016இல் மறுபடி வெள்ளி. அப்போது அவருக்கு 40. ஆகவே இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது என்று வாதிட வேண்டுமானால் வாதிடலாம். உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது என்று எழுதவில்லையே. விலகும் தேதியை மட்டும் நீங்களே குறியுங்கள். தேர்வுக் குழு குறித்தால் வேறு மாதிரி வலிக்கும்.

இப்போதும் படகு ஓட்டுகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை மட்டும், என் பழைய துணையோடு. இருவரின் சராசரி 57 கிலோவைத் தாண்டிப் பல ஆண்டுகளாகின்றன. அவர் முன்னால் உட்கார்ந்து வேகம் வைப்பார், நான் பின்னால் உட்கார்ந்து அதைக் குறை சொல்வேன்.

அடுத்த இதழுக்கான கேள்விகளை இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். அதற்கடுத்த மாதம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம், இரவு 8.45க்கு மேல் நான் கடிதம் படிப்பதில்லை.